“ரொம்ப இருட்டா இருக்கு” – புளியரைத் தம்பிக்கு ஒரு பதில்

புளியரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணாச்சி, நானும் மதுரையில இருக்கிற என் மாமா மகனும் ரெண்டரை வருஷமா ஒரு கேம் செஞ்சுக்கிட்டு இருக்கோம். சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஹாரர், பழைய மாடல் டஞ்சன் கிராலர், அதாவது நிலவறை மாதிரி இடத்துல வழி தேடிப் போற கேம். ஒரு நிலவோட அடியில கைவிட்ட சுரங்கமும் ஆய்வுக்கூடமும். கட்டம் கட்டமா நடக்கணும், கையில ஒரு டார்ச், உள்ள ஒரே ஒரு ஜந்து. போன மாசம் டெமோ விட்டோம். 64 பேர் கருத்து எழுதியிருக்காங்க. இருட்டு, மேப் புரியல, ஸ்லோ, ஜந்து ஏமாத்துது, சேவ் பண்ண இடமே இல்லன்னு பாதிப் பேர். ஒண்ணையும் மாத்தாதீங்கன்னு மீதிப் பேர். ஒருத்தர் மெஷின் கன் கேக்குறார். எதைக் கேக்கணும், எதை விடணும்? எல்லாத்தையும் கேட்டா கேம் நாறிப்போயிரும் போல இருக்கு.”

தம்பி, நான் திருவனந்தபுரத்தில் பன்னிரண்டு வருஷம் கேம் டெஸ்டிங் வேலை பார்த்தவன். அடுத்தவர் செய்ததை உடைத்துக் காட்டுவதற்குத்தான் சம்பளம். இப்போது செங்கோட்டை வீட்டில் இருந்தபடியே அதே வேலையைக் கொஞ்சமாகச் செய்கிறேன். நீங்கள் அனுப்பிய கருத்து அட்டவணையைத் திறப்பதற்கு முன்னால் டெமோவை இரண்டு தடவை விளையாடினேன்.

முதல் தடவை மத்தியானம் மூன்று மணி. ஜன்னல் திறந்திருந்தது, ஃபேன் நாலில் ஓடியது, லேப்டாப் திரையில் என் மூஞ்சியும் பின்னால் காயும் வேட்டியும்தான் தெரிந்தன. கேம் தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் மூடிவிட்டேன். இரண்டாவது தடவை அன்றைக்கே ராத்திரி பதினொன்றுக்கு, வெளியே சாரல், லைட்டை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு. இந்தத் தடவை மூன்றாவது சந்திப்பில் அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டதும் லேப்டாப்பையே மூடினேன். பில்ட் (விளையாடக் கொடுத்த பதிப்பு) ஒன்றுதான், ஆள் ஒருவன்தான், ஆனால் நான் எழுதியிருக்கக்கூடிய கருத்து இரண்டு.

உங்கள் 64 பேரில் எத்தனை பேர் மத்தியானம் மூன்று மணிக்காரர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்கவில்லை. அடுத்த பில்டின் கருத்துப் படிவத்தில் முதல் கேள்வியாக அதைப் போடுங்கள்: எந்த நேரம், லைட் போட்டா அணைத்தா, ஹெட்ஃபோனா ஸ்பீக்கரா.

ஹாரர் கேமுக்கு வரும் கருத்தில் மற்ற கேம்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. கார் ரேஸ் கேமில் ஒருவர் “நிம்மதியா விளையாட முடியல” என்று எழுதினால் அது குறை. உங்கள் கேமில் அதே வாக்கியம் பாராட்டாக இருக்கலாம். ஆளைச் சங்கடப்படுத்தத்தானே காசு வாங்கப் போகிறீர்கள்! அதனால் ஒவ்வொரு புகாரிலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இவர் பயந்தாரா, எரிச்சலானாரா? எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நேரில் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். பயந்தவன் தோளைக் குறுக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே போவான், மூச்சு விட மறப்பான். எரிச்சலானவன் “ப்ச்” என்று நாற்காலியில் சாய்ந்து போனைக் கையில் எடுப்பான்.

இருட்டை எடுத்துக்கொள்வோம், அட்டவணையில் அதற்குத்தான் அதிக ஓட்டு விழுந்திருக்கிறது. நீங்கள் சின்னப் பையன், பழைய மீட்டர் கேஜ் ரயில் உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியாது. 1904-ல் போட்ட செங்கோட்டை–புனலூர் பாதை. 2010-ல் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தி, 2018-ல்தான் மறுபடி முழுசாக ஓடவிட்டார்கள். பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவுக்கு முன்னால் வரும் நீளமான சுரங்கத்தில் அந்த ரயில் நுழையும்போது, பெட்டியில் பல்பு எரியாத நாட்களில், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். பிள்ளைகள் எல்லாம் ஊளையிடுவோம். ஒருத்தன் கூட அழுததில்லை, ஏனென்றால் ஜன்னல் கம்பி எங்கே என்று கைக்குத் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பயப்படுவோம். ஒரு தடவை மட்டும் நான் கழிப்பறைக்குப் போகும் வழியில் நடுப்பெட்டியில் மாட்டிக்கொண்டேன். எந்தப் பக்கமும் பிடிக்க ஒன்றும் இல்லை, யாரோ ஒருவரின் தகரப் பெட்டியில் முழங்கால் இடித்தது. அன்றைக்குப் பயமே வரவில்லை, கோபம்தான் வந்தது.

உங்கள் டெமோவில் அந்தக் கம்பி இல்லை. டார்ச் வட்டத்துக்கு வெளியே முழுக் கறுப்பு. அடுத்த கட்டம் சுவரா வழியா என்பதே முட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது. முட்டுவதற்கு ஒரு ‘டொக்’ சத்தம் வேறு. அதை நாற்பது தடவை கேட்டவன்தான் “ரொம்ப இருட்டா இருக்கு” என்று எழுதுகிறான். நீங்கள் மொத்த வெளிச்சத்தையும் கூட்டினால் அவன் சந்தோஷப்படுவான், அப்புறம் பயமும் போய்விடும், “முன்ன மாதிரி இல்ல” என்று அவனே எழுதுவான். நிற்கும் கட்டத்தைச் சுற்றி ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும், சுவரின் விளிம்பு தெரிகிற அளவு ஒரு மங்கல் நீலம் கொடுங்கள். கம்பி அது. அதைத் தாண்டி எவ்வளவு கறுப்பு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அதோடு, கேம் தொடங்கும்போது வெளிச்சம் சரிசெய்யும் திரை ஒன்று கட்டாயம் வேண்டும். ‘இந்த அடையாளம் லேசாகத் தெரியும் வரை நகர்த்தவும்’ என்று எல்லா ஹாரர் கேமிலும் வருமே, அதுதான். நம் ஆட்களில் நிறையப் பேர் விளையாடுவது பழைய லேப்டாப்பில். விலை குறைந்த திரைகளில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலே கறுப்பு சாம்பலாகிவிடும், இல்லையென்றால் இருண்ட பகுதி மொத்தமும் ஒரே மையாக அப்பிக்கொள்ளும். உங்கள் மாமா மகன் நல்ல மானிட்டர் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அவரை ஒரு வாரம் உங்கள் அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்பில் வேலை பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, ‘ஸ்லோ’வுக்கு வருவோம். என் பதிலில் பாதி இதற்குத்தான். அட்டவணையில் 17 பேர் ஸ்லோ என்று எழுதியிருக்கிறார்கள், அதில் பதினோரு பேர் ஓடுவதற்கு ஒரு பட்டன் கேட்டிருக்கிறார்கள். மாமா மகன் பக்கத்திலேயே ‘ஸ்பிரிண்ட் – அடுத்த பில்டில்’ என்று பச்சை நிறம் அடித்திருக்கிறார். தயவுசெய்து அந்தப் பச்சையை அழியுங்கள்.

எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். “ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன், நான் இங்க இருக்கிறதையே மறந்துரு” என்றேன். அவன் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு திரையைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிஷம் ஒழுங்காகத்தான் நடந்தான். பேட்டரி பாதியானதும் ஆள் மாறிவிட்டான். இடது கை ஆள்காட்டி விரல் டார்ச் பட்டன் மேல் நின்றது. டக் – ஒரு நொடிக்கும் குறைவாக வெளிச்சம். டக் – அணைப்பு. அப்புறம் உதடு அசைகிறது: “நேரா ரெண்டு, எடது ஒண்ணு.” இருட்டிலேயே மூன்று கட்டம் நடக்கிறான். நின்று மறுபடி டக், டக். கலங்கரை விளக்கம் மாதிரி. நான் நாலு நிமிஷத்தில் கடந்த இடத்தை அவன் கடக்கப் பதினோரு நிமிஷம் ஆனது. இரண்டாம் கதவுக்குக் கிட்டே அவன் கொட்டாவி விட்டதையும் பார்த்தேன். ஹாரர் கேமில் கொட்டாவி!

முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். “சூப்பர் அண்ணாச்சி. கொஞ்சம் ஸ்லோவா இருக்கு. ஓட முடிஞ்சா நல்லாருக்கும்.”

பாருங்கள், நடையின் வேகத்தில் ஒரு குறையும் இல்லை. டார்ச் எரியும் நொடிக்கு மட்டும்தான் பேட்டரி குறைகிறது, ஆன் பண்ணுவதற்குச் செலவே கிடையாது, வழியில் கிடைக்கும் பேட்டரியோ ரொம்பக் கம்மி. கஞ்சமாக விளையாடினால் ஜெயிக்கலாம் என்று உங்கள் கணக்கே அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. கெட்டிக்காரப் பையன், கற்றுக்கொண்டான். அந்தக் கஞ்சத்தனம்தான் அவனுக்கு ‘ஸ்லோ’வாகத் தெரிகிறது. ஓடும் பட்டன் கொடுத்தால் இருட்டில் மூன்று கட்டத்தை வேகமாக நடப்பான், நின்று மறுபடி டக், டக் என்பான். கூடவே ஜந்து காலடிச் சத்தத்தைக் கேட்டு வரும் உங்கள் அருமையான ஏற்பாடும் காலியாகும்.

மாற்ற வேண்டியது டார்ச்சை. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ஐந்து நொடி எரிந்ததற்குச் சமமான பேட்டரி போகட்டும், அல்லது விளக்கு முழு வெளிச்சத்துக்கு வர இரண்டு நொடி எடுக்கட்டும், பழைய டியூப் லைட் மாதிரி. அதற்கு ஈடாக பேட்டரியைத் தாராளமாகப் போடுங்கள். மீதி எவ்வளவு என்பதை மூலையில் எண்ணாகக் காட்டாமல் டார்ச்சின் உடம்பிலேயே காட்டலாம். 2008-ல் வந்த டெட் ஸ்பேஸ் கேம், நாயகனின் உயிர் அளவை அவன் முதுகெலும்பு மேலேயே விளக்காக வைத்தது. திரை மூலைக்குக் கண் போகாததால் ஆள் அந்த உலகத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. இதை மட்டும் மாற்றி அந்தப் பதினேழு பேரிடம் திரும்பக் கொடுங்கள். ஓடும் பட்டனைப் பற்றி எத்தனை பேர் மறுபடி பேசுகிறார்கள் என்று பார்ப்போம். வலி எங்கே என்று பிளேயர் காட்டும் இடம் அநேகமாகச் சரிதான், ஆனால் அவர் சொல்லும் பஸ்ஸில் ஏறினால் அச்சன்கோவில் போக வேண்டியவன் புனலூரில் இறங்குவான்.

மேப்பில் நிலைமை வேறு. இந்த வகைக் கேமுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் வயசு, விடையும் ஏற்கெனவே இருக்கிறது. 1981-ல் விசார்ட்ரி வந்தபோது ஆட்கள் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் மேப் வரைந்துகொண்டுதான் விளையாடினார்கள். 1987-ல் டஞ்சன் மாஸ்டர் அதே கட்ட நடையை, நீங்கள் யோசிக்கும்போதும் எதிரி நகர்கிற மாதிரி ஆக்கியது. 2007-ல் எட்ரியன் ஒடிஸி, நிண்டெண்டோ டிஎஸ்ஸின் கீழ்த்திரையில் நீங்களே மேப் வரைவதையே விளையாட்டாக்கியது. 2012-ல் ஃபின்லாந்தில் ஒரு சின்ன டீம் செய்த லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக், மேப்பைத் தானாக வரைந்து கொடுத்தது. பழைய மாதிரிதான் வேண்டும் என்பவர் ஆட்டம் தொடங்கும்போதே அதை அணைத்துக்கொள்ளலாம். நீங்களும் அதையே செய்யுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் மேப் கொடுத்தாலும் உங்கள் ஆட்கள் தொலைந்துபோவார்கள், காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் தளத்தின் மூன்று நடைபாதையிலும் ஒரே சுவர், ஒரே குழாய், ஒரே துரு. போதாததற்கு 90 டிகிரி திரும்புவது கண் இமைக்கும் நேரத்தில் சட்டென்று நடக்கிறது, திரும்பினோமா இல்லையா என்றே சந்தேகம் வருகிறது. திரும்பும் அசைவு கால் நொடியாவது கண்ணுக்குத் தெரியட்டும். தலை சுற்றுபவர்களுக்காகப் பழைய முறையும் அமைப்பில் இருக்கட்டும். அப்புறம் அடையாளம். செங்கோட்டையில் யாரிடமாவது வழி கேளுங்கள், தெருப் பெயரா சொல்வார்கள்? “வாஞ்சிநாதன் சிலைக்கு வலது கைப்பக்கம்” என்பார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சிலை வேண்டும்: தலைகீழாகத் தொங்கும் ஒரு விண்வெளி உடை, சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு வால்வு, யாரோ சுவரில் கீறிவைத்த நாள் கணக்கு. பையன் மூன்றாவது சந்திப்பில் நாலு தடவையும் இடது பக்கமே போனான், ஏற்கெனவே போன வழி என்று தெரியாமலே.

இங்கே ஒரு சின்னச் சிரிப்பு. அட்டவணையில் மேப் பிரிவில் ‘நல்ல கருத்து’ என்று ஒன்பது இருக்கிறது. அதில் ஐந்து, ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து மலையாளப் பிள்ளைகள் எழுதியவை. “மேப் குழப்பமில்லா.” மாமா மகன் மதுரைக்காரர், ‘மேப்பில் குழப்பம் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பச்சை அடித்துவிட்டார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மலையாளத்தில் அது “பரவாயில்ல, ஏதோ இருக்கு” என்கிற ரகம். டீக்கடையில் டீ எப்படி என்று கேட்டால் சொல்கிற பதில். அதே மாதிரி ஒருவர் “நல்லோணம் பேடிச்சு” என்று எழுதியதை மாமா மகன் வசைப்பிரிவில் போட்டிருக்கிறார். பாவம், அந்தப் பிள்ளை நன்றாகப் பயந்துபோனேன் என்று சொல்லியிருக்கிறது. 64 கருத்தில் உங்களுக்குக் கிடைத்த மிகச் சுத்தமான பாராட்டு அதுதான், திட்டு என்று தள்ளிவைத்திருக்கிறீர்கள். மலையாளக் கருத்துகளை நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து படித்து அட்டவணையைத் திருத்துங்கள்.

ஜந்து ஏமாற்றுகிறது என்ற புகார். இது நியாயம், நானும் இரண்டு தடவை அப்படிச் செத்தேன். உங்கள் ஜந்துக்கு ஆள் எங்கே இருக்கிறான் என்பது எப்போதும் தெரியும், இல்லையா? கேமின் புரோகிராமைப் பார்க்காமலே சொல்கிறேன், நான் அலமாரிக்குள் ஒளிந்தபோது அது நேரே அலமாரிக்குத்தான் வந்தது. 2014-ல் வந்த ஏலியன்: ஐசோலேஷன் கேமில் இதற்கு அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. மேலே ஒரு மூளை, கீழே ஒரு மூளை. மேல் மூளைக்கு ஆள் இருக்கும் இடம் தெரியும், ஆனால் அது கீழே இருக்கும் ஜந்துவிடம் ‘அந்தப் பக்கமாகப் போ’ என்று தோராயமாகத்தான் சொல்லும். ஆள் ரொம்ப நேரம் நெருக்கடியில் இருந்தால் ‘கொஞ்சம் விலகிப் போ’ என்றும் சொல்லும். ஜந்துவோ தன் கண்ணையும் காதையும் வைத்துத்தான் தேட வேண்டும். அதனால் அது நிஜமாகவே தேடுகிற மாதிரி இருக்கும், தப்பித்தால் நாம் தப்பித்தோம் என்ற நிறைவும் வரும். உங்கள் கட்ட அமைப்பில் இதைச் செய்வது சுலபம்: மேல் மூளை ஆளைச் சுற்றி ஆறு, ஏழு கட்டத்துக்குள் ஏதாவது ஒரு கட்டத்தைக் காட்டட்டும், மீதி ஜந்துவின் பாடு.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஆள் செத்த உடனே “ஏன் செத்தே?” என்று ஒரே கேள்வி கேளுங்கள். “கதவை இழுத்தேன், சத்தம் கேட்டுருச்சு” என்றால் உங்கள் ஜந்து நியாயமானது. “தெரியல, திடீர்னு வந்துச்சு” என்று ஐந்து பேரில் மூன்று பேர் சொன்னால் வேலை பாக்கி இருக்கிறது.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜந்து வருவதற்கான ஒரே எச்சரிக்கை இடது வலது காதில் மாறி வரும் குழாய்ச் சத்தம்தான். நான் உட்கார வைத்த பையனோ போன் இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் மாட்டியிருந்தான், அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டுமாம். லேப்டாப் ஸ்பீக்கரும் ஃபேனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காது கேளாதவர்கள் வேறு இருக்கிறார்கள். திரை ஓரத்தில் ‘குழாய் அதிர்கிறது – இடது’ என்று ஒரு வரி வரவைக்கும் வசதி கொடுங்கள். அதைப் படித்தாலும் பயம் வருகிறது, நான் முயன்று பார்த்தேன்.

சேவ் விஷயத்தில் இரண்டு தரப்பும் சரி. கண்ட இடத்தில் சேவ் கொடுத்தால் உயிர் பயம் போய்விடும். ஆனால் சாரல் காலத்தில் நம் பக்கம் காற்றடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. நாற்பது நிமிஷம் விளையாடியவனுக்கு பேட்டரி செத்த லேப்டாப் ‘பட்’ என்று அணைந்தால், அவன் உங்கள் ஜந்துவைத் திட்ட மாட்டான், உங்களைத் திட்டுவான். இதற்கும் 1980-ல் வந்த ரோக் கேம் காலத்திலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: நிறுத்தும்போது சேவ் ஆகும், திரும்பத் திறந்ததும் அந்த சேவ் அழிந்துவிடும். விட்ட இடத்தில் தொடரலாம், செத்தால் பின்னால் ஓட முடியாது. கரண்ட் போவதற்கு முன்னால் யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை என்பதால், ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் தானாகவே அப்படி எழுதிக்கொள்ளட்டும்.

‘ஒண்ணையும் மாத்தாதீங்க’ கோஷ்டியைப் பற்றி. இவர்கள் உங்கள் கேமை நேசிப்பவர்கள், அதனாலேயே ஆபத்தானவர்களும் கூட. டெமோவை ஐந்தாறு தடவை முடித்தவர்களுக்கு அந்த இருட்டு இருட்டே இல்லை, மேப் மனப்பாடம். முதல் பத்து நிமிஷத்தைப் பற்றி அவர்களிடம் கேட்காதீர்கள். டார்க்கஸ்ட் டஞ்சன் கேமுக்கு 2015-ல் நடந்தது தெரியுமா? முழுசாக வெளிவரும் முன்னாலேயே விற்பனைக்கு விட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள்: எதிரி செத்தாலும் பிணம் வரிசையில் கிடந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், பின்வரிசை எதிரி முன்னால் வர மாட்டான். பழகிப்போன ஆட்கள் கொதித்துவிட்டார்கள். கடைசியில் வேண்டாதவர் அணைத்துக்கொள்ள ஒரு வசதி கொடுத்தார்கள், பிணங்களும் கேமில் இருந்தன. 2016-ல் முழுப் பதிப்பு வந்தது. அவர்களுக்கு அது சரிப்பட்டது. ஆனால் எல்லாச் சண்டைக்கும் ஒரு சுவிட்ச் வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஐந்து சுவிட்ச் வைத்தால் 32 விதமான கேம் ஆகிறது. இரண்டு பேர் டீமில் அதை யார் டெஸ்ட் பண்ணுவது? எதிர்ப்பு ஒரு கட்டளை மாதிரி வரும்போது, அவர் எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார் என்று பாருங்கள், எட்டு நிமிஷமா எட்டு மணி நேரமா என்று. இரண்டுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் வேறு வேறு கேள்விக்கு.

மெஷின் கன் கேட்டவருக்கு நன்றி சொல்லிவிடுங்கள், அவர் கடை மாறி வந்தவர்.

விற்பனைக்கு வைக்கும்போது ஒரு கணக்கு ஞாபகத்தில் இருக்கட்டும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆக உங்கள் முதல் தளத்திலேயே ஒருவர் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எரிச்சலானால் விற்றதும் போச்சு. பத்து ரிவ்யூ சேரும் வரை மதிப்பீடே தெரியாது. அதில் நல்லது நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே போனால் ‘கலவை’ என்று நெற்றியில் ஒட்டிவிடுவார்கள். நண்பர்களுக்கு இலவச கீ (கேமைத் திறக்கும் குறியீடு) கொடுத்து எழுத வைப்பதும் உதவாது, அந்த ரிவ்யூக்கள் அந்தக் கணக்கில் சேராது.

மொழி விஷயம். தமிழ் எழுத்து உடைந்திருக்கிறது என்று ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். அதை ‘சின்னது, பிறகு’ என்று தள்ளியிருக்கிறீர்கள். முதலில் செய்ய வேண்டியதே அதுதான். ‘கதவு’ சரியாக வருகிறது, ‘கொக்கி’ வரும்போது கொம்பு க-வுக்குப் பின்னால் தாவிவிடுகிறது. யூனிட்டி எஞ்சினில் (கேம் செய்யும் மென்பொருள்) வழக்கமாக எழுத்து போடும் முறை, நம் மாதிரி முன்னே பின்னே சேரும் எழுத்துகளைத் தானாக அடுக்காது. அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். கொடோ 4 என்ற இன்னொரு எஞ்சினில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அதற்காக எஞ்சினை மாற்றச் சொல்லவில்லை. குறைந்தபட்சம் தமிழ் வரிகளைப் படமாகவாவது போடுங்கள். செத்துப்போனவனின் கடைசிக் குறிப்பைப் படிக்கும்போது எழுத்து உடைந்திருந்தால் சிரிப்புத்தான் வரும்.

குறிப்பு என்றதும் இன்னொன்று. ஒருவர் “டைரி எல்லாம் நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு” என்று எழுதியிருந்தார். உண்மை. ‘மூன்றாம் அடுக்கில் விவரிக்க இயலாத ஒலி செவியுற்றேன்’ என்று சுரங்கத்தில் வேலை பார்க்கும் வெல்டர் எழுதுவானா? அவனும் நம் பக்கத்து ஆளாக இருக்கட்டுமே. “மூணாவது அடுக்குல ராத்திரி எவனோ தட்டுதான். ஆள் எண்ணிக்கை எடுத்தோம், எல்லாரும் இங்கதான் இருக்கோம்.” எனக்கு இதை எழுதும்போதே முதுகு சில்லென்கிறது.

பக் (கேமில் இருக்கும் கோளாறு) எல்லாம் விவாதமே இல்லாமல் திருத்துங்கள். லிஃப்டில் டார்ச்சை அணைத்தால் கேம் உறைகிறது, பட்டன்களை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லை, தமிழில் இருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினால் சத்த அளவு நூறுக்குப் போகிறது. கடைசியில் சொன்னது ராத்திரி பதினொன்றுக்கு நடந்தது, பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது.

அடுத்த பில்டில் டார்ச் கணக்கு, ஒரு கட்ட நீலம், தமிழ் எழுத்து, இந்த மூன்றையும் அந்த பக்குகளையும் மட்டும் மாற்றுங்கள். ஜந்துவின் மூளை அதற்கு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது. தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவில் போட்டுக்கொண்டு வாருங்கள், புளியரையிலிருந்து பஸ்ஸில் எவ்வளவு தூரம்? தென்மலைப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிவந்தால் நல்லது. இருட்டும் வரை பார்டர் கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, ஏழு மணிக்கு மேல் வீட்டில் உட்காருவோம். ஃபேனை நான் அணைத்துவிடுகிறேன்.

அந்த மூன்றாவது சந்திப்புக் குழாய்ச் சத்தத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அது எப்படிப் பதிவு செய்தீர்கள் என்றும் வரும்போது சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக் குழாயா?